வழி சொல்லும் கடமை: மரக்காணம் கடற்கரையிலிருந்து சென்னை வரை

1. கேள்வி

முன்பின் பார்த்திராத பெருநகரம் ஒன்றில் வந்து இறங்கும் ஒருவர், தாம் போக வேண்டிய இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்? சுற்றுலாக் கையேடுகள் இதைப் பயணியின் சாமர்த்தியம் சார்ந்த விஷயமாகவே எழுதுகின்றன. வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசப் பழகுங்கள், ஏமாறாதீர்கள் என்பவை அவற்றின் வழக்கமான அறிவுரைகள். வழி தவறினால் குற்றம் வந்தவர்மேல் விழுகிறது. நகரம் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நின்றுவிடுகிறது.

இக்கட்டுரை கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்கிறது: புதிதாக வருபவருக்கு வழி காட்டும் பொறுப்பு யாருடையது? இதைக் கேட்பதற்கு மரக்காணம் உப்பளக் கடற்கரை பொருத்தமான இடம். வெளியூரார் கடந்து செல்லும் பாதை மூன்று காலங்களில் மூன்று விதமாக இக்கரையைத் தொட்டிருக்கிறது. சங்க காலத்தில் பாணர் நடந்த வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்புப் படகுகள் சென்ற கால்வாய், இன்று சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகியவையே அவை. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வழிகாட்டுதலைப் பற்றிய நம் எண்ணம் எங்கே குறுகியது என்பது தெரிகிறது.

2. இதுவரையிலான பார்வைகள்

நகரத்தில் மனிதர் எப்படி வழி கண்டுகொள்கிறார் என்ற ஆய்வுக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களை ஆராய்ந்து 1960இல் அவர் வெளியிட்ட நூல், மக்கள் மனத்தில் பதியும் நகர உருவத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தது: பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திகள், அடையாளக் குறிகள். ஒரு நகரம் புரிவதும் புரியாததும் அதன் அமைப்பைப் பொறுத்தது என்பதே அவர் கண்டது. பயணியின் சாமர்த்தியத்திலிருந்து நகரத்தின் பொறுப்புக்குக் கேள்வியை நகர்த்தியவர் என்ற வகையில் அவர் முக்கியமானவர். ஆனால் அவர் பேசியது பெரும்பாலும் அந்தந்த நகரத்தில் வாழ்பவர்களிடம். அன்று காலையில் வந்திறங்கிய அந்நியருக்கு மனப்படம் ஏதும் இருக்காது.

தமிழில் வழிகாட்டுதலுக்கென்றே ஓர் இலக்கிய வகை இருந்தது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள்தாம். எனினும் ஆற்றுப்படையைப் புரவலர் - இரவலர் உறவின் சான்றாகவே நாம் பெரிதும் படித்திருக்கிறோம். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வும் பாணர் மரபையும் புரவலரையும் மையமாகக் கொண்டது. அந்த வாசிப்பில் பிழையில்லை. ஆனால் அந்தப் பாடல்களில் தொழில்நுட்பம் ஒன்றும் இருக்கிறது. அறியாத நாட்டில் நடப்பவருக்கு எந்தத் தகவலை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்ற தெளிவு அது. அது போதிய கவனம் பெறவில்லை.

3. எயிற்பட்டினம் வழியாக

சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே, இதே கடற்கரையில் உள்ளது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. ஆகவே இப்பாடல் வெளியிலிருந்து இந்நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதியதன்று. இம்மண்ணைச் சேர்ந்தவரே அயலாருக்குச் சொன்ன வழி.

அது காட்டும் பாதையில் முதல் ஊர் எயிற்பட்டினம். அடுத்தவை வேலூர், ஆமூர். இந்த எயிற்பட்டினத்தை மரக்காணமாகக் கொள்வோர் பலர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், கமரா, பொதுகே, சோபத்மா என்ற மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. பொதுகேயை அரிக்கமேட்டுடன் இணைப்பதே பெரும்பான்மைக் கருத்து. அப்படியானால் சோபத்மா அதற்கு வடக்கே, மரக்காணம் பக்கம் அமைய வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி எயிற்பட்டினமும் சோபத்மாவாகிய சோபட்டினமும் ஒன்றே என்றும், அது இன்றைய மரக்காணம் என்றும் கருதினார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்தியது போன்ற பெரிய அகழாய்வின் துணை இந்த அடையாளத்துக்கு இல்லை. எனவே இதை வலுவான ஊகமாகக் கொள்வதே முறை. இக்கட்டுரையின் வாதத்துக்கு அதுவே போதும். பாடல் சொல்லும் நெய்தல் வழி இக்கடற்கரை வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டு ஆவணங்களும் இதே கரையைத்தான் சொல்கின்றன; சொல்லும் முறைதான் வேறு. பெரிப்ளஸ் துறைமுகங்களின் வரிசையையும் கப்பல் வகைகளையும் சரக்கையும் சொல்கிறது. கரையில் இறங்கியபின் என்ன செய்வது என்பது அதன் அக்கறை அன்று. சிறுபாணாற்றுப்படை அங்கேதான் தொடங்குகிறது. தாழையும் செருந்தியும் முண்டகமும் புன்னையும் பூத்திருக்கும் கடற்கரை வழி என்று முதலில் அடையாளம் தருகிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள கட்டைகளே அவ்வூரில் விறகு என்கிறது. யார் வரவேற்பார்கள், என்ன உண்ணக் கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறது. எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும் கிடைக்கும்.

இந்த உணவுப் பட்டியலை வருணனை என்று கடந்து போகிறோம். நடப்பவர் கண்ணால் பார்த்தால் அதன் பயன் வேறு. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று செய்திகள் தவறாமல் வருகின்றன: சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று உறுதிசெய்யும் அடையாளம், அங்கே அணுக வேண்டிய மனிதர், அங்கே கிடைக்கும் உதவி. நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாறும்போது மரமும் உணவும் தொழிலும் சேர்ந்து மாறுவதால், எழுத்தறியாத பயணியும் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று கண்டுகொள்ள முடியும்.

4. ஆபத்தும் நம்பிக்கையும்

நல்ல வழிகாட்டி இன்பங்களை மட்டும் சொல்வதில்லை. செங்கத்து நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் என்பதால் விடிந்தபின் நடக்கச் சொல்கிறது. தினைக்காவலர் எறியும் கவண்கல், குழிகளில் கிடக்கும் பாம்பு, வழுக்கும் பாறை, வேடிக்கை பார்த்துக் கால் தவறும் இடம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எச்சரிக்கிறது.

அப்பாடலில் இரண்டு செய்திகள் நம் கேள்விக்கு நேர் விடையாகின்றன. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறாமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகும்படி அது கூத்தரிடம் சொல்கிறது. கவர்த்த வழிகளில், செல்லும் நாட்டின் பெயரை அறிந்துகொள்ளும் பொருட்டுக் கல்லில் எழுதியிருப்பதையும் குறிப்பிடுகிறது. வழி கேட்டு நடப்பவரே அடுத்தவருக்கு வழி விட்டுச் செல்லவும் கடமைப்பட்டவர். ஊரும் பாதையில் பெயர் எழுதி வைக்கக் கடமைப்பட்டது. வழிகாட்டுதல் தனி ஒருவரின் திறமை அன்று, பொது அறம் என்ற கருத்தைத் தமிழில் இதைவிடத் தெளிவாகச் சொன்ன பழைய சான்றை நான் அறியேன்.

மறுபக்கத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனுக்குப் பாதை தெரியாமல் போகவில்லை. மதுரைக்குப் போகும் மூன்று வழிகளையும் அவற்றின் இடையூறுகளையும் மாங்காட்டு மறையவன் விளக்கிச் சொல்கிறான். ஊர்காண் காதையில் கோவலன் நகரத்தைச் சுற்றியும் பார்க்கிறான். தங்குவதற்கு மாதரியின் அடைக்கலமும் கிடைக்கிறது. ஆயினும் சிலம்பை விற்க யாரை அணுகுவது என்ற ஒரு கேள்வியில், தெருவில் முதலில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனை நம்புகிறான். அந்நிய நகரத்தில் பாதை அறிவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. யாரைக் கேட்பது, எது நியாய விலை, முறையிட எங்கே போவது என்பவையும் வழிகாட்டுதலின் உறுப்புகள்.

இந்த இலக்கியச் சான்றுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஆற்றுப்படை புகழ்ச்சிக் கவிதை. ஒவ்வொரு வீட்டிலும் விருந்து கிடைத்தது என்பதை நடந்த செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. பாணர் எல்லோரும் அப்படி வரவேற்கப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சமூகம் எதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது என்பதற்கு அது சான்று. அயலார் வழி தவறாமல் வந்து சேரும் நாடு என்பதே இந்நாட்டுத் தலைவனுக்குரிய புகழாக இருந்தது.

5. கால்வாய் வழி

இரண்டாவது பாதை நீரில் அமைந்தது. சென்னையில் 1806இல் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, 1877-78 பஞ்ச நிவாரணப் பணியின்போது இணைக்கப்பட்டு, 1878இல் பக்கிங்ஹாம் கோமகன் பெயரைப் பெற்ற கால்வாய், ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. அதன் தென்முனை நம் உப்பளங்களின் அருகில் இருக்கிறது. உப்பும் விறகும் இந்த நீரில் சென்னைக்குப் போயின. 1965, 1966 புயல்களில் கால்வாய் சிதைந்தபின் போக்குவரத்து நின்றது. 2008இல் அதைத் தேசிய நீர்வழி நான்கின் பகுதியாக அறிவித்தார்கள்.

கால்வாயில் வந்தவருக்கு ஒரு வசதி இருந்தது: பாதை ஒன்றுதான். உப்பளத்தில் படகு ஏறியவர் நகரின் நடுவே இறங்க முடிந்தது. இன்று அதே கால்வாயின் மேல் சென்னையின் பறக்கும் ரயில் ஓடுகிறது. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், மயிலாப்பூர் வரை 1997இலும், வேளச்சேரி வரை 2007இலும் அது திறக்கப்பட்டது. திருவல்லிக்கேணிக்குத் தெற்கே பல நிலையங்கள் கால்வாய்க்குள்ளேயே தூண் ஊன்றி நிற்கின்றன.

நீர்வழி போனதோடு, கரையோரக் குடியிருப்புகளுக்கும் பாதைக்கும் இருந்த உறவும் போயிற்று. பறக்கும் ரயில் நிலையங்கள் பெரியவை. ஆனால் முதன்மைச் சாலைகளுக்குப் புறம்பாகக் கால்வாயின் போக்கில் அமைந்ததால், தெருவில் நிற்பவருக்கு நிலையத்தின் வாயில் எங்கே என்று எளிதில் தெரிவதில்லை. நல்ல தடமும் குறைந்த கட்டணமும் இருந்தும் வெளியூரார் பறக்கும் ரயிலைத் தேடிப் போவது அரிது. தடம் போட்டால் போதும், அதை அடையும் வழியை மக்கள் தாமே கண்டுகொள்வார்கள் என்று திட்டமிட்டவர்கள் கருதியதன் விளைவு இது.

6. இன்றைய சென்னை: புதியவர் எதிர்கொள்வது

மூன்றாவது பாதை கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் மரக்காணம். மாமல்லபுரம் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போகும் வெளிநாட்டினர் உப்பளங்களைச் சாளரம் வழியே பார்த்துச் செல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிக்குப் பறவை பார்க்க வருவோரும் உண்டு. எதிர்த்திசையில், மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் வேலைக்கும் சென்னை செல்லும் உப்பளத் தொழிலாளிகள் இதே பேருந்துகளில் போகிறார்கள். சென்னை இரு தரப்பினருக்கும் அயல் நகரமே. ஒருவருக்கு மொழி தெரியாது. மற்றவருக்கு மொழி தெரிந்தும் நகரம் தெரியாது. இருவரும் இடறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

முதலாவது, புறப்படும் இடம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கே செல்லும் அரசுப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. கடற்கரைச் சாலை வழிப் பேருந்துகள் அந்த மாற்றத்தில் சேரவில்லை. புதுச்சேரி என்ற ஒரே ஊருக்குத் திண்டிவனம் வழி ஒன்றும் மரக்காணம் வழி ஒன்றுமாக இரு தடங்கள் இருக்க, அவை வெவ்வேறு முனையங்களைச் சேர்ந்தவை என்பது உள்ளூராருக்குத் தெரியும். புதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இரண்டாவது, பெயர். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஈ.வெ.ரா. பெரியார் சாலை ஆயிற்று. எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. பலகையில் இருப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. ஜெமினி ஸ்டுடியோ மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் ‘ஜெமினியில் இறங்குங்கள்’ என்பதே இன்றும் நடைமுறை. இடத்தின் நினைவைப் பேச்சில் காப்பது நகரத்தின் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச்சில் வழங்கும் பெயரையும் பலகையில் சேர்த்து எழுதுவது அரசின் கடமை.

இதைவிடக் கடுமையான குழப்பம் நிலையப் பெயர்களில் இருக்கிறது. சென்ட்ரல் விரைவு ரயில் நிலையம், அதை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகப் புறநகர் நிலையம், எதிரே பார்க், சற்றுத் தள்ளிப் பறக்கும் ரயிலின் பார்க் டவுன், நிலத்தடியில் மெட்ரோவின் சென்ட்ரல் என்று நடந்து கடக்கும் தொலைவுக்குள் ஐந்து நிலையங்கள். அவை ஒரே சந்திப்பின் பகுதிகள் என்பதை அவற்றின் பெயர்களிலிருந்து அறிய வழியில்லை. மாறாகக் கலங்கரை விளக்கம் என்ற பெயரில் பறக்கும் ரயிலுக்குக் கால்வாய்க் கரையில் ஒரு நிலையம் இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டத்தில் அதே பெயரில் கடற்கரையை ஒட்டி இன்னொன்று. அருகருகே இருப்பவற்றுக்கு வெவ்வேறு பெயர், விலகி இருப்பவற்றுக்கு ஒரே பெயர் என்பது வழிகாட்டுதலின் அடிப்படை விதியையே மீறுவது.

மூன்றாவது, பேருந்து எண். 29சி, 21ஜி என்பவை சென்னைவாசிக்குப் பாதை முழுவதையும் நினைவில் எழுப்பும். எண்ணோடு ஒட்டிய எழுத்து அந்தப் பேருந்து எங்கே பிரிந்து போகும் என்பதைக் குறிக்கிறது. ஆனால் நிறுத்தத்தில் நிற்கும் புதியவருக்கு அந்த எண்கள் எந்த ஊர்களை எந்த வரிசையில் தொடும் என்று சொல்லும் பலகை பெரும்பாலான இடங்களில் இல்லை. அக்குறையை நிரப்புபவர் நடத்துநரும் உடன் நிற்கும் பயணியும்தாம். சென்னை மக்கள் கேட்டால் சொல்வார்கள். இடம் வந்ததும் இறக்கியும் விடுவார்கள். நகரத்தின் உண்மையான வழிகாட்டுப் பலகை இன்றும் மனிதர்களே.

நான்காவது, கட்டணம். ஆட்டோவுக்கு 2013இல் அரசு அறிவித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த அறிவிப்புக்குப் பின் எரிபொருள் விலை எவ்வளவோ ஏறிவிட்டது. அந்தக் கட்டணத்தில் ஓட்டுநர் வாழ முடியாது. அவர் கேட்கும் தொகை நியாயமா என்று பயணி அறியவும் முடியாது. உள்ளூரார் அனுபவத்தால் ஒரு தொகையில் நிற்கிறார். வெளிநாட்டவரும் மரக்காணத்திலிருந்து வந்தவரும் கேட்டதைக் கொடுக்கிறார்கள் அல்லது சந்தேகத்தோடு சண்டையிடுகிறார்கள். இதை ஓட்டுநரின் பேராசை என்று எழுதுவது எளிது. காலத்துக்கேற்ற கட்டணத்தை நிர்ணயித்துப் பலரறிய எழுதி வைக்காததே இதன் மூலகாரணம் என்பது என் முடிவு.

7. பிற நகரங்கள் செய்தவை

இக்குறைகள் தீர்க்க முடியாதவை அல்ல. 1969இல் மெக்சிகோ நகர மெட்ரோ தொடங்கப்பட்டபோது, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படக்குறி தரப்பட்டது. லான்ஸ் வைமன் வடிவமைத்த அந்தக் குறிகளால் படிக்கத் தெரியாதவரும் நிலையத்தை அடையாளம் காண முடிந்தது. நிலத்துக்கு நிலம் பூவையும் உணவையும் குறியாக வைத்த சிறுபாணாற்றுப்படையின் முறைக்கு இது வெகு அருகில் நிற்கிறது. டோக்கியோவின் சுரங்க ரயில்களில் 2004இல் ஒவ்வொரு நிலையத்துக்கும் தடத்தின் எழுத்தோடு சேர்ந்த வரிசை எண் வந்தது. ஜப்பானிய எழுத்து அறியாதவரும் இன்னும் எத்தனை நிலையம் என்று எண்ணிக்கொள்ளலாம். சிங்கப்பூர் ரயிலில் நிலையக் குறியீடுகளோடு தமிழில் அறிவிப்பும் ஒலிக்கிறது. மரக்காணத்திலிருந்து வேலைக்குப் போகும் ஒருவருக்கு, நான்கு மொழிகளை ஆட்சிமொழியாகக் கொண்ட அந்நகரம் அவருடைய மொழியிலேயே ஒரு சொல் சொல்கிறது.

கைப்பேசி வரைபடம் வந்தபின் பலகை எதற்கு என்ற மறுப்பு எழும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பரில் வெளிவந்த சென்னை ஒன் செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றை ஒரே பயணச்சீட்டில் இணைத்தது பெரிய முன்னேற்றம். ஆனால் செயலி வேலை செய்ய இணையமும் மின்னேற்றமும் பணம் செலுத்தும் வசதியும் வேண்டும். விமான நிலையத்தில் இறங்கிய முதல் மணி நேரத்தில் இவை மூன்றுமே வெளிநாட்டவரிடம் இல்லாமல் போகலாம். வயதான உப்பளத் தொழிலாளியிடம் எப்போதுமே இல்லாமல் இருக்கலாம். மேலும் செயலி காட்டும் பெயரும் கண்முன் நிற்கும் பலகையில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் செயலியும் பயன்படும். தெருவில் இல்லாத தெளிவைத் திரை தர இயலாது.

8. முடிவு

மேலே கண்ட சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. அந்நிய நகரத்தில் வழி கண்டுகொள்வது வந்தவரின் சாமர்த்தியம் என்ற எண்ணம் பிற்காலத்தது, வணிகக் கையேடுகளால் வளர்ந்தது. தமிழ் மரபின் பழைய சான்றுகள் அதை ஊரின் கடமையாகவும் முன்சென்றவரின் கடமையாகவும் கண்டன. அக்கடமை அடையாளம், மனிதர், உதவி, எச்சரிக்கை என்ற நான்கையும் தர வேண்டியது. சென்னை இந்நான்கில் மனிதரை மட்டுமே நிறைவாகத் தருகிறது. மற்ற மூன்றும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியவை.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. ஒரே சந்திப்பில் உள்ள நிலையங்களுக்கு ஒரே பெயரும், எல்லா நிலையங்களுக்கும் எண்ணும் படக்குறியும் வேண்டும். ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் தட எண்ணுக்கு எதிரே நிறுத்தங்களின் வரிசையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். எந்த ஊர்ப் பேருந்து எந்த முனையத்தில் என்ற பட்டியல் விமான நிலையத்திலும் ரயில் நிலையங்களிலும் இருக்க வேண்டும். ஆட்டோக் கட்டணத்தை ஓட்டுநரும் ஏற்கும் அளவில் திருத்தி, வண்டியிலேயே ஒட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், கழுவெளி நிறுத்தங்களிலும் இவை பொருந்த வேண்டும். போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைப்பதற்கென்றே 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் கையில் இந்தப் பொறுப்பு இருக்கிறது. புதிய தடங்களைத் திறப்பதற்குத் தரும் முதன்மையை, இருக்கும் தடங்களுக்குப் பெயரும் பலகையும் வைப்பதற்கும் அது தர வேண்டும். வெளிநாட்டுப் பயணிக்காகச் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் மரக்காணத்திலிருந்து முதல்முறை சென்னைக்கு வருபவருக்கும் அப்படியே பயன்படும்.